திருப்பிப் பார்க்கிறவள்

எங்கள் தெருவில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நானாகவும் இருக்கலாம். எதைக் கையில் கொடுத்தாலும் முதல் வேலையாகத் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணக் கார்டு கொடுத்தால் பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் படிக்கும் முன்னே பின்பக்கத்துக்குப் போவாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால், முந்தானையைப் பிடித்துப் புரட்டி, உள்ளே இழை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்ப்பாள். அவளோடு மார்த்தாண்டத்துக்கு ஜவுளி எடுக்கப் போய்வந்தால் எனக்கு இரண்டு நாள் தலைவலி நிச்சயம்.

அவள் பெயரை எழுத மாட்டேன். இப்போது மறுபடியும் ஏதோ ஒரு குளிர் நாட்டில் நர்ஸாக இருக்கிறாள், இது கையில் கிடைத்தால் திருப்பிப் பார்ப்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, எங்கள் எதிர்வீடு. நான் நாஞ்சில்நாட்டு வயல்காட்டு ஊரில் பிறந்து, கணவருக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தவள். நாங்கள் திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத குடும்பம். அவர்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவள் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அம்மா இறந்ததும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டு வேலையை விட்டு வந்திருந்தாள்.

எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார். நான் அதைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவள் வாங்கினாள், திருப்பினாள். பின்னால் ஒட்டியிருந்த தாளில், "அண்ணனுக்கும் மைனிக்கும் அன்புடன்" என்று எழுதி, அடியில் வேறு யாரோ நான்குபேர் பெயர். கொடுத்த அண்ணன் பக்கத்து நாற்காலியில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். இவள் கடிகாரத்தை என் கையில் திருப்பினபடியே தந்தாள். அன்று முழுக்க அந்த அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களை ஒன்றாக உட்கார வைத்தது காலுறைகள். ஆமாம், இந்த வேர்க்கிற ஊரில் கம்பளிக் காலுறை. வெளிநாட்டில் அவள் வேலைபார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி கற்றுக்கொடுத்ததாம். இரண்டு நிறக் கம்பளி நூல், இரு முனையும் கூரான ஐந்து குட்டை ஊசிகள், கட்டம்போட்ட தாளில் வரைந்த கோலம். அந்தக் கிழவியின் மகள் அங்கே ஒரு கடை வைத்திருந்தாள். பின்னி அனுப்பினால் விற்றுத் தருவாள். நானும் அவள் சர்ச் சபையைச் சேர்ந்த மூன்று பெண்களும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவள் என்ற திமிரோடுதான் நான் போனேன். முதல் நாளே என் திமிரை உருவிப் போட்டுவிட்டாள்.

நட்சத்திரம் போட்ட என் முதல் காலுறை வெளியே பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவள் அதை வாங்கி, பார்க்காமலே உள்பக்கத்தை வெளியே உருவினாள். இரண்டு நிறம் வைத்துப் பின்னும்போது, சிவப்பு வேலை செய்கிற இடத்தில் வெள்ளை நூல் சும்மா பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சும்மா ஓடுகிற நூலில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் காலுறை விரியாது, குதிகால் நுழையாது. தளர விட்டால் கால்விரல் மாட்டும். என்னுடையது இறுக்கம்.

"காலை விடுங்கக்கா" என்றாள்.

விட்டேன். பாதி வரை போய், குதிகாலில் நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வெளிய நல்லாட்டுத்தானே இருக்கு?" என்றேன் கோபமாக.

"வெளிய பாக்கது ஊருக்காரன். உள்ள போடுதது காலு. பிரியுங்க."

ஒன்பது நாள் வேலை, கால்மணி நேரத்தில் நூல் உருண்டையாகிவிட்டது. அன்றைக்கு அவளை மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் அவளாகச் சொன்னாள். அந்த முதியோர் இல்லத்தில் முதல் நாள் வேலைக்குப் போனபோது, ஒரு கிழவருடைய தாளில் மூன்று வாரமாக 'நலம், நலம், நலம்' என்று எழுதியிருந்ததாம். முகம் கழுவி, தலைசீவி, புதுச் சட்டை போட்டு, பார்க்க மாப்பிள்ளை கணக்காகப் படுத்திருந்தாராம். இவள் அவரைப் புரட்டினாள். முதுகின் அடியில் படுக்கைப் புண், எலும்பு தெரிந்ததாம். "ஒருத்தரும் திருப்பிப் பாக்கல்லக்கா. பாக்காமலே எழுதிப்போட்டாவ" என்றாள். சொல்லும்போதும் ஊசி நிற்கவில்லை. எனக்குத்தான் கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவின.

அவளுடைய அப்பா பழைய ரப்பர் வெட்டுக்காரர். விடியுமுன் எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக நடந்த கால்கள். இருபது வருடமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. ஒருநாள் மத்தியானம் தெருமுக்கிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொரு செருப்பு வழியில் எங்கோ கழன்றிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. தார் ரோடு, சித்திரை வெயில். அவள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சத்தமும் போடாமல் மருந்துப்பெட்டியை எடுக்கப் போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் முன் அப்பாவின் இரண்டு காலையும் மடியில் வைத்து, விரல் இடுக்கு விடாமல் பார்ப்பாள். வீட்டுக்குள் அவர் போட்டிருக்கவென்று அவளே காலுறை பின்னிக் கொடுப்பாள். அவருக்கு மட்டும் உள்ளங்கால் முழுக்க வெள்ளை. கீறல் பட்டால் ரத்தம் தெரியும் அல்லவா. மேலே மாத்திரம் கோலம்.

அவருக்குப் பின்னும்போது அவள் ஒரு விதியை விட்டுக்கொடுக்க மாட்டாள். முடிச்சு கூடாது. நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ, பழைய முனையையும் புது முனையையும் பஞ்சாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துச் சூடு வரத் தேய்ப்பாள். கம்பளி இழை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே நூலாகிவிடும், விரலால் தடவினாலும் இணைப்பு தெரியாது. எனக்கு இதைப் பார்த்தாலே குமட்டும். ஒருவர் குடித்த டம்ளரை இன்னொருவர் தொடாத வீட்டில் வளர்ந்தவள் நான். "தண்ணி தொட்டுக்கிட்டா என்ன பிள்ளே?" என்று கேட்டால், "தண்ணிக்குப் பிடிக்காதுக்கா, எச்சிலுக்குத்தான் பிடிக்கும்" என்பாள். நான் என் காலுறைகளில் முடிச்சுதான் போடுவேன், சின்னதாக. கடைக்குப் போகிறவைதானே என்று அவளும் அதை மட்டும் விட்டுவிடுவாள்.

என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை வந்தது அந்த வருடம்தான். பையன் வளைகுடாவில் நர்ஸ் வேலை. அவன் கொண்டுவந்த அனுபவச் சான்றிதழை, நர்ஸ்தானே, இவளுக்குப் புரியுமே என்று நான்தான் இவள் கையில் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திருப்பினாள். "பின்னால முத்திரை இல்லியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் என் தங்கை கணவர் பயந்த சுபாவம். பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது, முத்திரை வேறொரு தாளில் தனியாக இருந்திருக்கிறது, சான்றிதழ் நல்ல சான்றிதழ், பையன் நல்ல பையன். அதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. பிள்ளை ஒரு வாரம் சாப்பிடவில்லை.

நான் நேராகப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "ஏட்டி, உனக்குத் திருப்பிப் பாக்கதுக்கு எங்க பிள்ளைக்க வாழ்க்கைதான் கெடச்சுதா? எல்லாவனையும் கள்ளன்னு நெனச்சா நீ யாருகூட இருந்து வாழுவ? ஒருத்தரையாவது நம்பிப் பாத்திருக்கியா நீ?"

அவள் அப்பா உள்ளேயிருந்து, "என்ன மக்களே, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் அவளே வந்தாள். எங்கள் அடுக்களையில் நின்றுகொண்டு, "அக்கா, எனக்குத் தெரியாம பேசிப்போட்டேன். இனி உங்ககிட்ட மட்டும் ஒண்ணும் திருப்பிப் பாக்க மாட்டேன்" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிறைவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழி பிறந்த சமயம் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. அப்பாவுக்கென்று கிறிஸ்துமஸ் காலுறை பாதியில் இருந்தது. வெள்ளையின் மேல் அரக்குச் சிவப்பில் ரப்பர் இலைகள், காம்புக்கு மூன்று மூன்றாக. அவளே வரைந்த கோலம், அவர் காலமெல்லாம் வெட்டின மரம். ஒரு கால் முடிந்திருந்தது. மறு கால், வலது காலுக்கானது, குதி திரும்பி, பாதமும் விரலும் பாக்கி. ஊசியோடு என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க முடிச்சுத் தாங்கக்கா. அப்பாவுக்க காலுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள ஒரு முடிச்சு இருக்கப்பிடாது."

"எனக்குத் தெரியாதா பிள்ளே" என்றேன்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம், விரல்கள் தொடங்குகிற இடத்தில், மேல்பக்கம், அரக்கு நூல் அறுந்தது. முனைகளைப் பிரித்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பிடித்த மாதிரி இருந்தது, இரண்டு கண்ணி பின்னியதும் விட்டுவிட்டது. மறுபடி தேய்த்தேன், மறுபடி விட்டது. வாய் வரை கொண்டுபோனேன். வயசான மனுஷர், பண்டிகை நாளில் புதுசாகப் போடப்போகிறார், அதில் என் எச்சிலா? எனக்கு ஆகவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அவசரமும் இருந்தது. மறுநாள் ஊரிலிருந்து என் நாத்தனார் வருகிறாள், வீடு குப்பையாகக் கிடந்தது. முடிச்சுப் போட்டேன். நகத்தால் அழுத்தி, பின்னால் ஓடுகிற வெள்ளை நூலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். முடித்ததும் என் காலில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் விரலுக்கு மேலே, பச்சரிசி மணி அளவில் உறுத்தியது. என் காலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கழற்றி மடித்து வைத்தேன்.

அவள் எப்படியும் திருப்பிப் பார்ப்பாள், பார்த்துப் பிரிக்கச் சொல்வாள், திட்டு வாங்கிக்கொண்டு பிரித்துவிடலாம் என்று ஒரு கணக்கும் உள்ளே இருந்தது. அவள் எனக்குக் கொடுத்த வாக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

மறுநாள் மதியம் கூடத்தில் எல்லாரும் இருந்தோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் இருந்தன. நான் காலுறையை அவளிடம் நீட்டினேன். அவள் இடதுகையால் வாங்கினாள். "இன்ஸ்பெக்டர் சோதனை தொடங்கியாச்சு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் பின்னலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் விரல் காலுறையின் வாய்க்குள் போனது. விரல் அங்கேயே நின்றது. பிறகு வெளியே வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு காலுறையையும் சேர்த்து மடித்தாள்.

"அக்கா பின்னினது. பாக்காண்டாம்."

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள், பொறாமையாக. நான் வாயைத் திறந்தேன். 'உள்ளே ஒரு முடிச்சு இருக்கு பிள்ளே' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. முந்திரிக்கொத்து ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து அவர்கள் திரும்பும்போது வெளிச்சம் வந்திருந்தது. சன்னலில் நின்று பார்த்தேன். அவள் அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கறுப்பு ஷூவுக்கு மேலே ரப்பர் இலைகள் தெரிய நடந்து வந்தார். ஷூ போடுவார் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள் போடுகிற காலுறை, ஷூவுக்குள் இறுகினால் அந்த முடிச்சு என்ன ஆகும்?

நாத்தனாரைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, பத்து மணிக்கு வாழைப்பழச் சீப்போடு அங்கே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கூடம் நிறைய சபை ஆட்கள். அவள் ஒற்றைக் கையால் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் கிளம்பி நின்றார், ஒவ்வொரு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"மாமா, அந்த சாக்ஸக் கழத்திட்டுச் செருப்புப் போட்டுட்டுப் போங்களேன். வேர்க்கும்லா."

"போ மக்களே. எனக்க மோளு கைய ஒடிச்சுக்கிட்டு, நீ இருந்து முடிச்சுத் தந்தது. இன்னைக்கு ஊரு ஒக்க காட்டாம கழத்த மாட்டேன்."

காலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். நேராகத்தான் நடந்தார், நொண்டவில்லை. நொண்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வலி தெரிகிற மனிதன் கழற்றிவிடுவான். ராத்திரி எப்படியும் அவள் காலைப் பார்ப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. என் நாத்தனார் நாலுதரம், "மைனிக்கு என்ன வெப்ராளம்?" என்று கேட்டாள். பகல் இரண்டு மணிக்கு அவர் வடக்குத் தெருவில் போவதைப் பார்த்தேன். மூன்று மணிக்குத் தெற்கே. நான்கு மணிக்கு, மனைவியின் கல்லறைக்குப் பூ வைக்க மேட்டுக்கு ஏறிப் போனதாகச் சொன்னார்கள். அது செங்குத்தான மேடு. கால்விரல்கள் ஷூவின் முனையில் போய் முட்டும்.

அதற்குமேல் என்னால் ஆகவில்லை. ஓடினேன். அவள் பின்வாசலில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளே, அந்த சாக்ஸுக்குள்ள முடிச்சு இருக்கு. நான் போட்டேன்."

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்த வெரலுக்கு மேல?"

"வலது கால். ரெண்டாம் வெரல்."

மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் மேட்டில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அவர் கல்லறைச் சுவரில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "என்னத்துக்கு மக்களே இப்படிக் கெடந்து ஓடுதிய?" என்றார். அவள் முழங்காலிட்டு ஷூவை உருவினாள். உள்ளங்கால் வெள்ளை, பளிச்சென்று சுத்தமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மேலே அரக்கு நிறத்தில் இலைகள், அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அவள் காலுறையை மெல்ல உருட்டினாள். விரலருகே அது வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. பூ வைக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, நனைத்து, நனைத்து எடுத்தாள். இரண்டாம் விரலின் மேல் தோல் இல்லை. அரக்கு நிறம் ரத்தத்தை அப்படியே குடித்துவைத்திருந்தது.

அவர் தன் காலையே யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவள் காலுறையைத் திருப்பினாள். வெள்ளை நூலுக்கு அடியில் விரலை விட்டாள், முடிச்சின்மேல் வைத்தாள். "நேத்து நான் மடிச்சு வச்சப்போ தெரியுமாக்கா?" என்றாள்.

"தெரியும்."

"காலில போட்டுப் பாத்தியளா?"

"பாத்தேன்."

தலையை ஆட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அடித்திருக்கலாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள் அப்பாவின் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புண் ஆறவில்லை. சர்க்கரைக் காலில் புண் எப்படி ஆறும்? நாளுக்கொருதரம் கட்டுப் பிரித்தார்கள், கறுத்தது, தை மாதக் கடைசியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னாராம். சொன்னாராம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, நான் ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டுதரம் போய்த் திரும்பி வந்தவள். எப்படி ஆயிற்று என்று சபைப் பெண்கள் அவளிடம் கேட்டபோது, "நான் பாக்காம விட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இதை அவர்களே என்னிடம் வந்து சொன்னார்கள், பாவம் என்றார்கள். நானும் பாவம் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மாசி பிறந்து அவள் எங்கள் வீட்டுப் படியேறினாள். மாவுக்கட்டு எடுத்திருந்தார்கள், மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. கையில் பை. பைக்குள் வெள்ளை நூல், அரக்கு நூல், ஊசிகள்.

"அப்பாவுக்கு வேற சோடி வேணும். வெரலு இல்லாத அளவுக்குக் கணக்கு எழுதி வச்சிருக்கேன்."

"என்கிட்டயா பிள்ளே?"

"உங்ககிட்டதான். ஆனா நான் பாப்பேன்."

அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதினாறு நாள் பின்னினேன். அரக்கு நூல் உருண்டை ஒருதரம் தீர்ந்தது. இரண்டு முனையையும் பிரித்து, வாயில் வைத்து நனைத்து, உள்ளங்கை சுடும்வரை தேய்த்தேன். குமட்டியது. பிடித்துக்கொண்டது.

மதியம் கூடத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் இருந்தார்கள், அப்பா சாய்வு நாற்காலியில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். அவள் காலுறையை வாங்கி உள்பக்கத்தை வெளியே எடுத்தாள். மடியில் பரப்பி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். "அக்கா பின்னினதையா இந்தப் பாடு பாக்க?" என்று ஒருத்தி சிரித்தாள். நான் எழுந்து நின்றேன்.

"மாமாக்க கிறிஸ்துமஸ் சாக்ஸுக்குள்ள ஒரு முடிச்சு இருந்துது, நான் போட்டது. தெரிஞ்சே குடுத்தேன். இவ என்னை நம்பித்தான் பாக்கல்ல."

அவள் நிமிரவில்லை. விரல் ஓடிக்கொண்டே இருந்தது, கணுக்காலுக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. "இங்க நூலு இறுக்கமா ஓடுது. மூணு வரி பிரியுங்கக்கா."

மேல்விளிம்பிலிருந்து பிரிக்க முடியாது, விரல்முனையிலிருந்து அத்தனையும் பிரித்து அந்த மூன்று வரிக்கு வர வேண்டும். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பிரித்தேன். வாழ்நாளில் எதையும் அவ்வளவு சந்தோஷமாகப் பிரித்ததில்லை.

மறுபடி பின்னி, மறுபடி அவள் பார்த்து, "கொள்ளாம்" என்று சொல்ல பங்குனி ஆகிவிட்டது. கட்டும் அவிழ்த்தாயிற்று. வலதுகால் காலுறையை அவள் போடவில்லை, என் கையில் தந்தாள். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "மாமா, நானாக்கும்" என்று தொடங்கினேன்.

"தெரியும் மக்களே. நீ அன்னைக்குச் சொன்னப்போ நானும் இஞ்சதானே கெடந்தேன்" என்றார். "அந்த வெரலு இருந்தப்போ செருப்பு நிக்கும். இப்போ வாரு நிக்க மாட்டேங்குது, கழண்டு கழண்டு போவுது."

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் காலை என் மடியில் நீட்டினார்.

மெல்லப் போட்டுவிட்டேன். குதிகால் நுழைந்தது, இலைகள் விரிந்தன. வாய் சும்மா இருக்காமல், "இறுக்குதா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பாக்கிட்ட கேட்டா அப்பாக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள், பின்னாலிருந்து.

காலுறையைக் கழற்றினேன். அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தேன்.